தோல் நீக்கிய கிரில் கோழியில் எத்தனை கலோரி? வாசகர் கேள்விகளுக்கு உணவியல் பதில்கள்

அசைவ உணவின் கலோரிக் கணக்கு குறித்துக் கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன: கிரில் செய்த அல்லது ஓவனில் சுட்ட கோழியைத் தோல் நீக்கிச் சாப்பிட்டால் அதை எவ்வளவு என்று கணக்கில் எழுதுவது? ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எனக்கு வயது 46. இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். வார இறுதியில் வீட்டில் எல்லோருக்கும் கிரில் சிக்கன் வாங்குவது வழக்கம். நான் மட்டும் தோலை உரித்துவிட்டுக் கறியைச் சாப்பிடுகிறேன். கைப்பேசிச் செயலியில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று தேடினால் ஓரிடத்தில் 165, வேறோரிடத்தில் 190, இன்னோரிடத்தில் 239 என்று காட்டுகிறது. இவற்றில் எது சரி? – வாசகி, திருச்சி

மூன்றுமே சரியான எண்கள்தாம். ஆனால் மூன்றும் வெவ்வேறு பொருளைக் குறிக்கின்றன. மூன்றுக்கும் மூலம் அமெரிக்க வேளாண்துறையின் உணவுச் சத்து அட்டவணை. உலகின் பெரும்பாலான செயலிகள் அதிலிருந்தே எண்களை எடுத்துக்கொள்கின்றன. 165 என்பது சுட்ட கோழியின் நெஞ்சுக்கறி, தோலும் எலும்பும் நீக்கியது. 190 என்பது நெஞ்சு, தொடை, கால், இறக்கை எல்லாவற்றின் கறியும் கலந்த சராசரி, அதுவும் தோல் நீக்கியது. 239 என்பது முழுக்கோழியின் கறியும் தோலும் சேர்ந்தது. நீங்கள் தோலை உரித்துவிட்டதால் 239 உங்களுக்கு உரிய எண் அன்று. நெஞ்சுத் துண்டு மட்டும் சாப்பிட்டால் 165 என்றும், பல துண்டுகளைக் கலந்து சாப்பிட்டால் 190 என்றும் எழுதுங்கள்.

தொடைக்கறியை மட்டும் விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு மற்றொரு குழப்பம் காத்திருக்கும். அதே துறையின் பழைய பதிப்பில் தோல் நீக்கிய தொடைக்கறிக்கு 209 என்றும், பிந்தைய பதிப்பில் 179 என்றும் இருக்கின்றன. காலின் கீழ்த்துண்டுக்கும் அப்படியே பழையது 172, புதியது 155. செயலிகள் இரண்டையும் அருகருகே வைத்திருப்பதால், பயன்படுத்துகிறவருக்கு ஏதோ ஒன்று பொய் என்று தோன்றும். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கோழிகள் வேறாக இருந்தால் கொழுப்பின் அளவும் மாறும்; பழைய பதிப்பின் தொடைக்கறியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 11 கிராம் கொழுப்பு, புதியதில் ஏறத்தாழ 8 கிராம். எடை குறைக்க நினைக்கிறவர் இரண்டில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. கணக்கில் சற்றுக் கூடுதலாக எழுதியதால் எவருக்கும் கெடுதல் வந்துவிடாது; ஆனால் மாதக்கணக்கில் குறைத்தே எழுதிவந்தால், இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் எடை ஏன் இறங்கவில்லை என்ற மனச்சோர்வுதான் மிஞ்சும்.

எண்ணைத் தேர்ந்தெடுப்பதைவிடவும் பெரிய பிழை நேரும் இடம் ஒன்று உண்டு. இந்த எண்கள் அனைத்தும் வாய்க்குள் போகும் கறிக்கு மட்டும் உரியவை. தட்டில் விழுந்த துண்டை எலும்போடு நிறுத்து, 250 கிராம் என்று எழுதி, 190-ஆல் பெருக்கினால் 475 கலோரி என்று வரும். ஆனால் அந்தத் துண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான அளவு எலும்பும் தோலுமாக இருக்கக்கூடும். ஆகவே முதலில் துண்டை நிறுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு எலும்பையும் உரித்த தோலையும் அதே தராசில் நிறுத்து, முதல் எடையிலிருந்து கழித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் சாப்பிட்ட கறியின் எடை. தொடர்ந்து நான்கைந்து முறை இப்படிச் செய்துவிட்டால், பிறகு தட்டைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

எங்கள் வீட்டில் தராசு கிடையாது, வாங்கவும் எண்ணமில்லை. பெரும்பாலும் கடையில் குவார்ட்டர் கிரில் வாங்குவேன். தோலை எடுத்துவிட்டால் ஒரு குவார்ட்டருக்கு எத்தனை கலோரி என்று தோராயமாகச் சொல்ல முடியுமா? நெஞ்சுப் பக்கம் வாங்குவது நல்லதா, லெக் பக்கம் நல்லதா? – வாசகர், மதுரை

சொல்ல முடியும். மேலே குறிப்பிட்ட அட்டவணையின் பழைய பதிப்பில் துண்டுவாரியான எடைகளும் இருக்கின்றன. சிறிய கோழி ஒன்றின் ஒரு பக்க நெஞ்சில், தோலும் எலும்பும் போக, சுட்ட கறி 86 கிராம். அதில் 142 கலோரி. ஓர் இறக்கையில் கறி வெறும் 21 கிராம், 43 கலோரி. தொடையில் 52 கிராம், 109 கலோரி. காலின் கீழ்த்துண்டில் 44 கிராம், 76 கலோரி.

இப்போது கூட்டிப் பாருங்கள். நெஞ்சும் இறக்கையும் சேர்ந்த குவார்ட்டர் 185 கலோரி. தொடையும் காலும் சேர்ந்த குவார்ட்டரும் 185 கலோரி. நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு என்பது உண்மைதான் என்றாலும், அந்தப் பக்கத்தில் கறியின் அளவு அதிகம். லெக் பக்கத்தில் கொழுப்பு சற்று அதிகம், ஆனால் கறி குறைவு. எனவே துண்டாக வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்து நிற்கின்றன. லெக் பீஸ்தான் பிடிக்கும் என்றாலும் எடைக்காக நெஞ்சுக்கறியைக் கட்டாயப்படுத்தி விழுங்குகிறவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். நெஞ்சுப் பக்கத்தில் கிடைப்பது கூடுதல் புரதம்; புரதம் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதற்காக அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

தோலோடு சாப்பிட்டால் நிலைமை வேறு. அப்போது லெக் பக்கம் 265 கலோரி, நெஞ்சும் இறக்கையும் சேர்ந்த பக்கம் 292 கலோரி. நெஞ்சுப் பக்கம் முந்திவிடுவதற்கு இறக்கை ஒரு முக்கியக் காரணம். கறி குறைந்து தோல் மிகுந்த துண்டு அது. தோலோடு 99 கலோரி உள்ள இறக்கையில் தோலை எடுத்துவிட்டால் 43 மட்டுமே மிஞ்சுகிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள்: இவை சிறிய கோழிக்கான எடைகள். முதுகெலும்பை ஒட்டிய கறியும் இவற்றில் சேரவில்லை. கடையில் தொங்கும் கோழி பெரிதாக இருந்தால், குவார்ட்டருக்கு 185 என்பதற்குப் பதிலாக 230 முதல் 250 வரை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ எலும்பில்லாத நெஞ்சுக்கறி வாங்கி ஓவனில் சுட்டேன். சுட்டபின் நிறுத்தால் முக்கால் கிலோவுக்கும் குறைவு. பச்சைக்கறிக்கு 100 கிராமுக்கு 120 கலோரி என்றும் சுட்ட கறிக்கு 165 என்றும் படித்தேன். சுட்டால் கலோரி கூடிவிடுமா? – வாசகி, சேலம்

கூடாது. போனது தண்ணீர், அதனால் மிஞ்சியது செறிவாகிவிட்டது. 100 கிராம் பச்சை நெஞ்சுக்கறி சுட்டபின் 73 கிராம் அளவுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 73 கிராமை 100-க்கு 165 என்ற கணக்கில் பெருக்கினால் 120 வருகிறது. பச்சையாக இருந்தபோதும் அதே 120-தான். புரதத்திலும் இதே ஒற்றுமையைக் காணலாம்: பச்சைக்கறியில் 100 கிராமுக்கு 22.5 கிராம், சுட்டதில் 31 கிராம். 31-இல் 73 சதவீதம் ஏறத்தாழ 22.6.

ஆகவே பச்சையாக நிறுத்தால் பச்சை எண்ணையும், சுட்டபின் நிறுத்தால் சுட்ட எண்ணையும் பயன்படுத்த வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால்தான் தொல்லை. 200 கிராம் பச்சைக்கறியை நிறுத்துவிட்டு அதைச் சுட்ட கறி என்று பதிந்தால், 240 இருக்க வேண்டிய இடத்தில் 330 வந்து நிற்கும். சுட்ட கறியைப் பச்சை எண்ணால் பெருக்கினால் கால் பங்குக்கும் மேல் குறைத்துக் கணக்கிட்டவர் ஆவீர்கள். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் தோல் நீக்கிய கோழிக்கறி துண்டுவாரியாக இருக்கிறது. ஆனால் அதிலுள்ளவை பச்சைக்கறிக்கு உரிய அளவுகள், மேலும் ஆற்றல் கிலோஜூலில் தரப்பட்டிருக்கும். அதைப் பயன்படுத்துகிறவர்கள் 4.184-ஆல் வகுத்துக் கலோரியாக மாற்றிக்கொண்டு, சமைப்பதற்கு முன் நிறுத்த எடையோடு பெருக்குங்கள்.

குடும்பத்துக்கே சேர்த்துச் சுடுகிறவர்களுக்கு எளிய வழி உண்டு. பச்சைக்கறியின் மொத்தக் கலோரியைக் கணக்கிட்டு, சுட்டபின் மொத்த எடையில் உங்கள் பங்கு எத்தனையில் ஒன்று என்று பார்த்து, கலோரியையும் அதே விகிதத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். இதில் எந்தச் செயலியின் எண்ணையும் நம்ப வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை.

தோலோடு சுட்டுப் பிறகு உரிப்பதைவிட, கடையிலேயே தோல் உரித்து வாங்கிச் சுடுவதுதான் கொழுப்பைக் குறைக்கும் என்று என் நாத்தனார் சொல்கிறார். தோலிலுள்ள கொழுப்பு உருகிக் கறிக்குள் இறங்கிவிடுமாம். உண்மையா? – வாசகி, நாகர்கோவில்

உங்கள் நாத்தனாரின் அச்சம் பலருக்கும் இருப்பதுதான். ஆனால் அப்படி நடப்பதில்லை. தோலின் கொழுப்பு உருகும்போது பெரும்பகுதி கீழே தட்டில் வடிகிறது. கறிக்குள் ஊடுருவிப் போவது மிகவும் குறைவு. தோலை முன்பே எடுத்தாலும் பிறகு எடுத்தாலும் கறியின் கொழுப்பு அளவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. மாறாக, தோல் மேலே இருக்கும்போது கறியின் ஈரம் காக்கப்படுகிறது. தோலில்லாத நெஞ்சுக்கறி ஓவனில் விரைவாக வறண்டு நாராகிவிடும்.

நம் வீடுகளில் இதிலிருந்துதான் மறைவான கலோரி உள்ளே வருகிறது. நம் ஊர்க் கறிக்கடையில் தோலோடு வேண்டுமா, உரித்தா என்று கேட்பார்கள். பெரும்பாலோர் உரித்தே வாங்குகிறோம். உரித்த கறி காய்ந்துவிடக் கூடாதே என்று மசாலாவில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைக் கலந்து தடவுகிறோம். சுடும்போது இடையிடையே இன்னும் ஒரு கரண்டி ஊற்றுகிறோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. மூன்று மேசைக்கரண்டி 360. அட்டவணையின்படி அரைக் கோழியின் சுட்ட தோல் 56 கிராம், 254 கலோரி. அதாவது அரைக் கோழியின் தோலை நீக்கியதால் மிச்சமானதைவிட, அதன் இடத்தில் நாமே ஊற்றிய எண்ணெய் அதிகமாகிவிடக்கூடும். எண்ணெயில் ஒரு பகுதி தட்டில் வடியும் என்றாலும், கெட்டியான மசாலா பூசிய கறியில் கணிசமான பகுதி அப்படியே ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகிறது.

தோலோடு சுட்டால் மசாலாவும் எண்ணெயும் பெரும்பாலும் தோலின் மேலேயே தங்கி, உரிக்கும்போது தோலோடு போய்விடும். உப்பின் ஒரு பகுதியும் அப்படியே போகும். கறிக்குச் சுவை இறங்க வேண்டுமென்றால், தோலுக்கும் கறிக்கும் நடுவே விரலை நுழைத்துத் தோலைக் கிழிக்காமல் தளர்த்தி, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சைச்சாறு சேர்ந்த மசாலாவை உள்ளேயே தடவிவிடுங்கள்; அதில் எண்ணெய் வேண்டியதில்லை. உரித்த கறிதான் கையில் இருக்கிறது என்றால், எண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டித் தயிரில் ஊறவைத்து, தட்டின் மேல் அலுமினியத் தாளை மூடிச் சுடுங்கள். கறியின் மிகத் தடித்த இடத்தில் வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டவுடன் எடுத்துவிட்டால், முழுவதும் வெந்தும் இருக்கும், வறண்டும் போகாது. சமையல் வெப்பமானி ஒன்றை வாங்குவது வீண்செலவு அன்று என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

தட்டில் வடிந்த சாற்றைச் சோற்றில் பிசைந்து சாப்பிடும் வழக்கம் இருந்தால், அதைச் சற்று நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மேலே உறைந்து நிற்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் தோலிலிருந்து போன கொழுப்பு மீண்டும் உங்கள் தட்டுக்கே வந்துவிடும்.

புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி என்றுதான் மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். சுட்ட நெஞ்சுக்கறியில் 31 கிராம் புரதமும் 3.6 கிராம் கொழுப்பும் இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். பெருக்கிக் கூட்டினால் 156 வருகிறது, அட்டவணையிலோ 165. இந்த 9 கலோரி எங்கிருந்து வந்தது? – ஆசிரியர், கோயம்புத்தூர்

உங்கள் பெருக்கலில் தவறில்லை. 4, 9 என்பவை எல்லா உணவுக்கும் பொதுவாக வகுத்த எண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலர் வில்பர் அட்வாட்டர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஆனால் எல்லாப் புரதமும் ஒரே அளவில் செரிப்பதில்லை. இறைச்சியின் புரதம் பருப்பின் புரதத்தைவிட முழுமையாகச் செரித்து உடலில் சேர்கிறது. ஆகவே அமெரிக்க வேளாண்துறை 1955-இல் வெளியிட்ட கையேட்டில் ஒவ்வோர் உணவு வகைக்கும் தனித்தனி எண்கள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி இறைச்சிப் புரதத்துக்குக் கிராமுக்கு 4.27, இறைச்சிக் கொழுப்புக்கு 9.02. 31-ஐ 4.27-ஆலும், 3.6-ஐ 9.02-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 165 வரும். பொட்டலங்களின் மேல் அச்சிடுகிறவர்கள் பெரும்பாலும் பொது எண்களையே பயன்படுத்துவதால், ஒரே கறிக்குப் பொட்டலத்தில் ஓர் எண்ணும் அட்டவணையில் ஓர் எண்ணும் இருப்பதைப் பார்க்கலாம். ஒரு வேளைச் சாப்பாட்டில் இந்த வேறுபாடு கவலைப்படத்தக்கது அன்று; ஆனால் காரணத்தை அறிந்துகொள்வது மாணவர்களுக்கு நிச்சயம் பயன்படும்.

விடுதியில் தங்கிப் படிக்கிறேன். தோலை எடுத்துவிட்டு அரைக் கிரில், இரண்டு குபூஸ், மயோனைஸ் என்று இரவில் சாப்பிடுகிறேன். தோல் இல்லாததால் இது எடையைக் கூட்டாத சாப்பாடுதானே? – மாணவர், சென்னை

கோழியைப் பொறுத்தவரை நீங்கள் சரியாகவே செய்கிறீர்கள். சிறிய கோழியின் அரைப் பங்கில் நெஞ்சு, இறக்கை, தொடை, கால் ஆகியவற்றின் கறி மட்டும் ஏறத்தாழ 370 கலோரி; இருபது வயதில், ஓடியாடுகிற உடம்புக்கு இரவு உணவின் நடுப்பகுதியாக இது மிக நன்று. மற்றவற்றைப் பார்ப்போம். 60 கிராம் எடையுள்ள குபூஸ் ஒன்றில் ஏறத்தாழ 165 கலோரி, இரண்டுக்கு 330. மயோனைஸ் பெரும்பாலும் எண்ணெய்தான். ஒரு மேசைக்கரண்டிக்கு 90 முதல் 100 கலோரி வரை ஆகிறது. கடையில் தரும் சிறு கிண்ணத்தில் மூன்று மேசைக்கரண்டி இருந்து, அதை வழித்துச் சாப்பிட்டால் ஏறத்தாழ 285. நீங்கள் பொறுமையாக உரித்து ஒதுக்கிய தோல் முழுவதிலும் இருந்தது 254. ஆக மொத்தம் 985 கலோரி. அதில் கோழியின் பங்கு பாதிகூட இல்லை.

பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு, உணவு நச்சுத்தன்மை காரணமாகத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டையில்லாத மயோனைஸ் அந்த வகையில் பாதுகாப்பானது. ஆனால் எண்ணெய் அதிலும் குறைவதில்லை என்பதால் கலோரிக்கு அதே கணக்குத்தான். கடையில் வெங்காயமும் எலுமிச்சையும் கூடுதலாகக் கேளுங்கள், தயங்காமல் தருவார்கள். மயோனைஸை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டால் 190 கலோரி குறையும். இரண்டாவது குபூஸை விட வேண்டுமா என்பது உங்கள் பசியைப் பொறுத்தது. பட்டினி கிடக்கச் சொல்ல மாட்டேன்.

என் தாயாருக்கு 78 வயது. மெலிந்த உடம்பு, பசியும் குறைவு. கோழி சுட்டால் தோலைத்தான் முதலில் கேட்கிறார். நான் உரித்துவிட்டுக் கறியை மட்டும் கொடுக்கிறேன்; அன்றைக்கு முழுவதும் முகம் வாடியிருக்கிறார். தோல் அவ்வளவு கெடுதலா? – வாசகர், தஞ்சாவூர்

சுட்ட தோலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 41 கிராம் கொழுப்பு இருக்கிறது. அதில் நிறைவுற்ற கொழுப்பு 11 கிராம் அளவுக்குத்தான். பாதிக்கும் மேற்பட்டது நிறைவுறாத கொழுப்பு. எடையைக் குறைக்க வேண்டியவர்களுக்குத்தான் தோலை நீக்கச் சொல்கிறோம். உங்கள் தாயாருக்கோ எடை இறங்காமல் காப்பதே முதல் தேவை. கால் துண்டு ஒன்றின் தோல் 8 கிராம், 36 கலோரி. அதற்காக அவர் முகம் வாட வேண்டியதில்லை. இதய நோய்க்காக மருத்துவர் கொழுப்பைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் இருந்தால், தோலின் மேல் உப்பு மசாலாவைக் குறைத்துச் சுடுங்கள். மெல்லுவதற்குக் கடினமாக இருக்குமென்றால் தோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, பிய்த்த தொடைக்கறியோடு கலந்து சூடாகக் கொடுங்கள். தோலின் சுவைக்காக அவர் கறியையும் சேர்த்துச் சாப்பிடுவார், இந்த வயதில் அவருக்கு மிகவும் வேண்டிய புரதமும் அதனோடு உள்ளே போகும்.